ராசிபலன் பக்கத்தில் ஒரு நம்பர் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். மனநல உதவி எண் ஒன்றை உங்கள் ராசிபலன் பக்கத்தில் போடச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம். மனநலத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், டாக்டரிடம் போகாதவர்கள் எல்லாரும் முதலில் வந்து நிற்பது எங்கள் கவுன்டரில்தான், அவ்வளவுதான் தகுதி.

வருகிறவர் யாரும் மனசு சரியில்லை, மருந்து கொடு என்று கேட்பதில்லை. பெரியவர்கள் உடம்பெல்லாம் வலி என்பார்கள், ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை என்பார்கள், வாய் கசக்கிறது, சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்பார்கள். பிள்ளைகளுக்கு என்றால் வயிற்றுவலி. அதிலும் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வருகிற வயிற்றுவலி தனி ரகம், யூனிபார்ம் போட்டு பையும் மாட்டிக்கொண்டு பாட்டி கையைப் பிடித்தபடி நிற்கும். பாட்டி பூச்சி மாத்திரை கேட்பார். போன மாதம்தானே கொடுத்தேன் என்றால், சரி, அப்போ பசிக்கு ஏதாவது டானிக் கொடு என்பார். எங்கள் பக்கம் அப்பா வெளிநாட்டில், அம்மா திருப்பூரில், பிள்ளை பாட்டியிடம் என்று இருக்கிற வீடுகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மா பஸ் ஏறிப் போனால் திங்கட்கிழமை காலையில் அந்த வயிறு வேறு என்ன செய்யும்? எல்லா வயிற்றுவலியும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, காய்ச்சலோ வாந்தியோ எடை குறைவதோ இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன். ஆனால் டாக்டர் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகும் பள்ளிக்கூட நாளில் மட்டும் வருகிற வலியை 'நடிக்கிறான்' என்று சொல்லி முதுகில் ஒன்று வைப்பது எந்த ஊர் வைத்தியம்? அந்தப் பிள்ளைக்கு வலி நிஜமாகவே வலிக்கிறது.

தூக்க மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. 2014 மார்ச்சிலிருந்து இவை எச்1 என்கிற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கின்றன, யாருக்கு, எந்த டாக்டர் எழுதி, எத்தனை கொடுத்தோம் என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடையிலும் இது ஒழுங்காக நடக்கிறதா என்று இங்கே எழுதினால் சங்கத்தில் என்னைத்தான் திட்டுவார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். வயதானவர்களுக்கு இந்த மாத்திரை செய்யும் கெடுதல் அதிகம். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது, ஞாபகம் மங்குகிறது, கொஞ்ச நாளில் அது இல்லாமல் முடியாது என்றாகிவிடுகிறது. தூக்கம் ஏன் வரவில்லை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரர் போன பிறகு இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு மூத்த மகன் வீட்டில் ஒரு மாசம், இளையவன் வீட்டில் ஒரு மாசம் என்று ஒரு பையோடு மாறிக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு எந்தக் கட்டிலில் தூக்கம் வரும்? மாத்திரை வாங்க வரும்போது ஒரு மாதம் ஒரு பேரன் வருவான், அடுத்த மாதம் வேறு பேரன். பழைய சீட்டு எங்கே என்றால் அது அந்த வீட்டில் இருக்கும்.

இன்னொன்று காது. இதை யாருமே மனசோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. காது மந்தமாகிவிட்டால் வீட்டில் எல்லாரும் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. கத்திப் பேசினால் எரிச்சலாகப் பேசுகிற மாதிரியே இருக்கும், கேட்கிறவருக்கு நம்மைத் திட்டுகிறார்கள் என்று தோன்றும். அப்புறம் அவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார், கோயில் திண்ணைக்குப் போவதை நிறுத்துவார், கல்யாண வீட்டுக்கு வரவில்லை என்பார், கடைசியில் 'அப்பா இப்பல்லாம் யார்கிட்டயும் பேசறதில்ல' என்று நாமே சொல்வோம். லான்செட் என்கிற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில் மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது கேளாமை, மனச்சோர்வு, தனிமை மூன்றையும் சேர்த்திருக்கிறார்கள், சிகிச்சை செய்யாமல் விட்ட கண் பார்வைக் குறைவும் அதில் உண்டு. காது மெஷினை மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். வாங்கியும் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் உண்டு, பேட்டரி மாற்றித் தர வீட்டில் ஒருவருக்குப் பொறுமை வேண்டும்.

2017-18இல் நாடு முழுக்க நடந்த முதியோர் ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம் என்று வந்தது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர். என் கடைக்கு ஒரு காலையில் பிபி மாத்திரைக்கு வருகிற பெரியவர்களே அதற்கு மேல் இருப்பார்கள்.

இப்போது எங்கள் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு அக்கா வீடு வீடாக வருகிறார். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம், நல்ல திட்டம், பிபி பார்க்கிறார், சுகர் பார்க்கிறார், மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அவரே கூட இரண்டு கேள்வி கேட்டால் என்ன? கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா, மனசு சோர்ந்து நம்பிக்கை இழந்த மாதிரி இருந்ததா, எத்தனை நாள் அப்படி இருந்தது. இவை என் கேள்விகள் இல்லை, உலகம் முழுக்க டாக்டர்கள் முதல் கட்டமாகக் கேட்பவைதான். இதை வைத்து நோய் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது, மேற்கொண்டு விசாரிக்க வேண்டுமா என்று மட்டும் தெரியும், அது போதும். பக்கத்தில் மருமகள் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது, அதையும் அந்த அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே வேலை அதிகம், கிடைக்கிற பணம் கொஞ்சம், கூடுதல் கேள்விக்குக் கூடுதல் பணம் கொடுங்கள் என்றும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்களிடம் கேட்பது வேறு. மனநல உதவிக்கு 14416 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். இந்த மாதிரி உதவி எண்களை நம் பத்திரிகைகளில் எங்கே பார்க்கிறோம்? யாராவது உயிரை மாய்த்துக்கொண்ட செய்தியின் அடியில். அங்கே போட வேண்டியதுதான், தப்புச் சொல்லவில்லை. ஆனால் அங்கே மட்டும் போட்டால், தூக்கம் வராத தாத்தாவோ, பேத்தி சாப்பிட மாட்டேன் என்கிறாளே என்று கவலைப்படுகிற பாட்டியோ அது தங்களுக்கான எண் என்று எப்படி நினைப்பார்கள்? சாகப்போகிறவர்கள் பேசுகிற நம்பர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், என்னிடமே அப்படிச் சொன்னவர்கள் உண்டு.

அதனால் ராசிபலன் பக்கத்தில் ஒரு ஓரத்தில் தினமும் அதைப் போடுங்கள். ஊரில் எல்லாரும் முதலில் திருப்புகிற பக்கம் அதுதானே. 'தூக்கம் இல்லையா, பேச ஆள் இல்லையா, பிள்ளை பள்ளிக்கூடம் போக அழுகிறதா, கூப்பிடுங்கள்' என்று இரண்டு வரி போதும். கூடவே முதியோருக்கான 14567, குழந்தைகளுக்கான 1098 இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் டீக்கடைக்குப் பேப்பர் படிக்க வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
திருவாரூர் மாவட்டம்