எட்டாயிரத்தைத் தாண்டிய அம்மாக்கள்

சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் கணவரை இழந்த பெண்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. தகப்பனை இழந்த ஏழைப் பிள்ளைகள் வீட்டிலேயே வளர மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் தரும் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவுத் திட்டத்தின் வருமான வரம்பு பற்றித்தான் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். தகப்பன் இல்லாத வீட்டில் அது பெரிய பணம். எட்டாவதோடு நின்று வேலைக்குப் போக இருந்த பையன் அதனால் ஒன்பதாவதில் உட்காருகிறான். ஆனால் நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. மாதத்துக்கு 8,000. அண்ணா நகரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா அதைத் தாண்டிவிடுகிறார். ஒற்றை அறை வாடகையும் கரண்டு பில்லும் கட்டியபின் அவர் கையில் என்ன மிஞ்சும் என்பது வருமானச் சான்றில் வராது. "ஒரு வீட்டு வேலையை விட்டுட்டா பணம் கிடைக்குமாக்கா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒரு தாய் கேட்கும்படி அரசு வைக்கலாமா?

மகளிர் உரிமைத் தொகைக்கு நம் அரசே வைத்த வரம்பு 2.5 லட்சம். 2025 செப்டம்பரில் வந்த நம் மாநிலத் திட்டமான 'அன்புக் கரங்கள்' பிள்ளைக்கு மாதம் 2,000 தருகிறது. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அதில் சேர, தகப்பன் இறந்திருந்தால், தாய் மாற்றுத்திறனாளியாகவோ கடும் நோயிலோ சிறையிலோ இருக்க வேண்டும், அல்லது பிள்ளையை விட்டுப் போயிருக்க வேண்டும். உடம்பு நன்றாயிருந்து, ஓடியாடி உழைக்கும் விதவைத் தாயின் பிள்ளைக்கு அங்கேயும் இடமில்லை, இங்கேயும் இல்லை.

கடைசியில் "ஹோம்ல சேத்துடறேன்" என்கிறார் அந்தத் தாய். குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 3ஆவது பிரிவிலேயே சொல்கிறது. அங்கே போனபின் அந்தப் பிள்ளைக்கு அரசு செலவு செய்யத்தானே போகிறது? அதை அம்மாவிடமே கொடுங்கள்.

வரம்பு மத்திய அரசு வைத்தது, அறிவேன். செலவில் 60 சதவீதம் அவர்களுடையது, 40 சதவீதம் நம்முடையது. வரம்பை உயர்த்தச் சொல்லி டெல்லிக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை, 96,000க்கும் 2.5 லட்சத்துக்கும் இடையே நிற்கும் ஒற்றைத் தாய்மாரின் பிள்ளைகளை மாநில நிதியிலிருந்து 'அன்புக் கரங்க'ளில் சேருங்கள். சட்டமன்றத்தில் நம் துறைக்கு நிதி கேட்கும் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே அறிவியுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பணம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு தன்னார்வலர்