சீனி எத்தனை என்று நம் கடைகளும் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர், பபிள் டீ (மெல்லும் மணிகள் போட்ட குளிர்ந்த பால் தேநீர்) என்ற பெயரில் நம் பிள்ளைகள் ரப்பர் உருண்டையை விழுங்குகிறார்கள் என்று கோபப்பட்டு எழுதியிருந்தார். படித்துவிட்டு நானும் தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த என் பேத்திதான், “நீங்க ஒரு தடவையாச்சும் குடிச்சிருக்கீங்களா தாத்தா?” என்று மடக்கினாள். 71 வயதில் அதற்கெல்லாம் போவேனா? போனேன். அவள் விடவில்லை.

பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங்கில், முன்பு சைக்கிள் கடை இருந்த கடைவீடு. நான்கு நாற்காலி, ஏர்கோன், சுவர் நிறையப் பட்டியல். கல்லாவில் நின்ற சீனப் பெண், “அங்கிள், மானிஸ் பெராப்பா பெர்சென்?” என்றாள். எனக்கு விளங்கவில்லை. சீனி எத்தனை விழுக்காடு போட வேண்டும் என்று கேட்கிறாள். 0, 25, 50, 75, 100 என்று பட்டியலிலேயே இருக்கிறது. எனக்குப் பதினொரு வருஷமாக இனிப்புநீர், அதாவது நீரிழிவு. “கோசோங்” என்றேன், சீனியே வேண்டாம் என்று. பேத்தி குறுக்கே வந்தாள். “கோசோங்னு சொன்னாலும் மணியில சீனி இருக்கும் தாத்தா. அதைக் கறுப்புச் சீனிப் பாகுல ஊற வச்சிருப்பாங்க.” அந்தப் பெண்ணும் மறைக்காமல் ஆமாம் என்றாள். மணியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னோம். விலை 9 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு. காசு பேத்தியுடையது என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

மணி எதில் செய்தது என்று கேட்டேன். “ஊபி காயு” என்றாள். மரவள்ளிக்கிழங்கு! என் அம்மா, ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தைக் கெடாவில் ஒரு தோட்டத்தில் கழித்தவர். அரிசி கிடைக்காத அந்த மூன்று வருஷம் எட்டு மாதமும் பெரும்பாலும் அவித்த மரவள்ளிதான். 1945க்குப் பிறகு சாகும்வரை அவர் அதைத் தொடவில்லை. அப்பா ஆசைப்பட்டுப் பாசாரில் வாங்கி வந்தால் வாசலோடு சரி, அடுப்படிக்குள் வராது. அந்தக் கிழங்கின் மாவை உருட்டி, வேகவைத்து, பாகில் போட்டு இன்றைக்குப் பத்து வெள்ளிக்கு விற்கிறார்கள். அம்மாவிடம் சொன்னால் என்னைத்தான் அடித்திருப்பார். ஆகவே அந்த வாசகருக்கு: அது ரப்பர் இல்லை ஐயா, சேலத்து ஜவ்வரிசிக்குப் பங்காளி. வந்த சூட்டில் மெத்தென்று நன்றாகவே இருந்தது. ஐஸில் கிடக்கக் கிடக்க இறுகிப்போகிறது. பல் கட்டியவர்கள் பார்த்துக் குடிக்கவும்.

பபிள் டீ பிறந்த ஊர் தைவானாம். தைச்சுங்கில் ஒரு கடையும் தைனானில் ஒரு கடையும் 1980களில் நாங்கள்தான் முதலில் செய்தோம் என்று பத்து வருஷம் வழக்காடி, இது யார் வேண்டுமானாலும் கலக்கக்கூடிய பானம் என்று 2019இல் தீர்ப்பானதாம். தெருவுக்குத் தெரு ‘அசல்’ நாசி கண்டார் சோற்றுக் கடைகளைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு இதில் என்ன அதிசயம்?

நான் எழுத வந்தது அந்தப் பெண் கேட்ட கேள்வியைப் பற்றி. நம் கடைகளில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதினொரு வருஷமாக “தே தாரே, கூராங் மானிஸ்” (ஆற்றிய பால் தேத்தண்ணி, இனிப்பு குறைவாக) என்று நான்தான் கத்துகிறேன். அந்தக் ‘கூராங்’ எவ்வளவு என்பது ஆற்றுகிற தம்பியின் அன்றைய கையைப் பொறுத்தது. தே தாரேக்கு இனிப்பே டின் பாலில்தான் (சீனி போட்டுச் சுண்டவைத்த கெட்டிப் பால்) வருகிறது. அந்தப் பாலில் கிட்டத்தட்ட பாதி சீனி. ‘தே சி கோசோங்’ (சீனி இல்லாத சுண்டிய பால் ஊற்றிய தேத்தண்ணி) கேட்டுக் குடியுங்கள் என்று கிளினிக் தாதி சொல்கிறார். குடிக்கிறேன். ஆனால் அது தே தாரே ஆகுமா?

2019 ஜூலையில் அரசாங்கம் சீனி வரி கொண்டுவந்தது. லிட்டருக்கு 40 காசாக இருந்தது இப்போது 90 காசு. ஆனால் அது ஆலையில் அடைத்து வரும் பானத்துக்குத்தான். குலுக்கித் தரும் பபிள் டீக்கும் கிடையாது, ஆற்றித் தரும் தேத்தண்ணிக்கும் கிடையாது. அதே 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறக்குறைய ஐந்துக்கு ஒருவர். காலையில் என் மேசையில் உட்காருகிறவர்களை எண்ணினால் கணக்கு இன்னும் மோசம்.

நம் உணவக முதலாளிமாருக்கு என் வேண்டுகோள் சிறியது. கல்லாவில் ஓர் அட்டை மாட்டுங்கள்: டின் பால் ஒரு கரண்டி, இரண்டு, மூன்று. ஆர்டர் எடுக்கும் பிள்ளை, “எத்தனை கரண்டி?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

மறுநாள் வழக்கமான ஒட்டுக்கடையில் இதைச் சொன்னேன். ஆற்றுகிற தம்பி சிரித்தார். “இனிப்பு பத்தலைன்னுதான் ஐயா எல்லாரும் திருப்பி அனுப்புறாங்க.” அவர்கள் மூன்று கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு ஒன்று.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால்காரர்,
ஜெலுத்தோங், பினாங்கு