பலகையை நம்பித்தான் திரும்பினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கச்சாலைகளில் இருக்கும் மின்னணு அறிவிப்புப் பலகைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஓட்டுநர்கள் பலகையைப் பார்க்கிறார்கள், ஆனால் பொருட்படுத்துவதில்லை என்று ஒரே வரியில் பழியை எங்கள் தலையில் போட்டுவிட்டீர்கள். பல வருடமாக உங்கள் பத்திரிகையை விடாமல் வாசிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி மனதை ரொம்பவே புண்படுத்திவிட்டது.

பொருட்படுத்தியதால்தான் நான் மாட்டிக்கொண்டேன். அறுவை சிகிச்சை முடிந்த அப்பாவைப் பின்சீட்டில் படுக்கவைத்து வீட்டுக்கு அழைத்து வந்த நாள் அது. சாலை பிரியும் இடத்துக்கு முன்னால் இருந்த பலகை 'சுங்கச்சாலை 12 நிமிடம்' என்றது. சரி என்று அதில் ஏறினேன். இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் வண்டிகள் அப்படியே நிற்கின்றன. லாரி கவிழ்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டதாம். உள்ளே வந்தபின் திரும்ப வழி ஏது? ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் அப்பா தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே 50 நிமிடம் உருட்டினேன். தலைக்கு மேலே இன்னொரு பலகை 'சாலை சீராக உள்ளது' என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது.

இது ஒருநாள் கதை இல்லை. அதே சாலையில் ஒருமுறை 'முன்னால் நெரிசல்' என்று பார்த்துச் சட்டென்று பொதுச்சாலைக்குத் திரும்பினேன். அதே பலகையில் மாறி வந்த அடுத்த திரையில் 'இல்லை' என்று இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. முன்னால் ஒரு லாரி மறைத்தால் பாதிச் செய்திதான் கிடைக்கும். இல்லை என்ற சொல்லையா தனியாகப் பிரித்துப் போடுவது?

சாவு எண்ணிக்கையைப் போடுவது இன்னொன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2012-இலிருந்து மாதந்தோறும் ஒரு வாரம், அந்த வருடம் சாலைகளில் இறந்தவர்களின் எண்ணிக்கையைப் பலகைகளில் காட்டினார்கள். அந்த வாரங்களில், பலகையைத் தாண்டிய 10 கிலோமீட்டருக்குள் விபத்துகள் 4.5 சதவீதம் கூடியதாக 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை.

கட்டணத்தைக் காட்டும் பலகையையும் விட்டுவிட்டீர்கள். அதே அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ஐ-394 நெடுஞ்சாலையில் நெரிசலுக்கு ஏற்பக் கட்டணம் மாறும் தடம் ஒன்று உண்டு. கட்டணம் ஏறினால் ஆள் குறையும் என்றுதானே நினைப்போம்? அங்கே கட்டணத்தை ஏற்றிப் பார்த்தபோது அந்தத் தடத்துக்கு வந்தவர்கள் கூடினார்கள். கட்டணம் ஏறியிருந்தால் பக்கத்துத் தடத்தில் நெரிசல் என்று ஓட்டுநர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணம். பலகையில் தெரியும் ஒரு எண்ணை வைத்தே முன்னால் என்ன இருக்கும் என்று கணக்குப் போடுகிறவர்கள் நாங்கள். எங்களையா அலட்சியக்காரர்கள் என்கிறீர்கள்?

சாலையை நடத்துகிற நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. உங்கள் பத்திரிகை கேட்டால் காது கொடுப்பார்கள். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பயண நேரத்துக்குப் பக்கத்தில் அது எத்தனை மணிக்கு எடுத்த தகவல் என்று சின்னதாகப் போடட்டும். தகவல் வரவில்லை என்றால் பழையதை எரியவிடாமல் பலகையை அணைத்துவிடட்டும். முடிந்தால் அந்த ஒரு வரியையும் அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
தினமும் சுங்கச்சாலையில் போகும் ஒரு வாசகன்