வேன் நின்றது ஏன்? மீனம்பாக்கத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு இனி வரும் வழி பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் நம் விடுதி வேனைத் தேடியே பழகியவர்கள் நீங்கள். அந்த வேன் சென்ற மாதத்தோடு நின்றுவிட்டது. தொலைபேசியில் கேட்டவர்களுக்கெல்லாம் வரவேற்பில் இருக்கும் தம்பி ஓரிரு வார்த்தையில் பதில் சொல்லி வந்தார். அது போதவில்லை என்பது, இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு செய்தியைச் சிலர் எனக்கே அனுப்பி வைத்தபோது புரிந்தது. எனவே நானே எழுதுகிறேன்.

நம் ஓட்டுநர் அண்ணனை உங்களில் தெரியாதவர் இல்லை. பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். அந்தமானிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களை முதலில் மருத்துவமனையில் இறக்கிவிட்டு, பெட்டிகளை மட்டும் விடுதிக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். ஊரில் அவருடைய தாயார் படுத்த படுக்கையாகிவிட்டார். இனி அங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி விடைபெற்றார். அவர் இடத்துக்கு ஆள் தேடினோம். செயலி மூலம் வண்டி ஓட்டினால் கூடுதல் வருமானம் கிடைக்கும்போது, நள்ளிரவு விமானத்துக்கும் விடியற்காலை விமானத்துக்கும் காத்திருக்கிற மாதச் சம்பள வேலைக்கு வர இளைஞர்கள் தயாராக இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டீசல், காப்பீடு, வண்டி நிறுத்தும் கட்டணம் என்று செலவும் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போயிற்று. 2024இல் தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே அண்ணா சாலையில் மேம்பாலப் பணி தொடங்கியது. மயிலாப்பூர், மெரினா பக்கம் சுற்றி வரலாம் என்றால் அங்கே இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகச் சாலைகளைத் தோண்டியிருந்தார்கள். பணிகள் முடிந்தால் நம் எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் அந்த நெரிசலில் நம் வேன் நின்ற நேரமே அதிகம். உள்ளே கைக்குழந்தையோடு இருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இவ்வளவும் நீங்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணங்கள் என்றே நம்புகிறேன். என்னைப் புண்படுத்தியது வேறு. டாக்சிக்காரர்களோடு கமிஷன் பேசிக்கொண்டு, அதற்காகவே வேனை நிறுத்திவிட்டோம் என்று அந்தச் செய்தி சொல்கிறது. ஆதாரம் என்று ஒரு படமும் இணைத்திருக்கிறார்கள்: நம் வரவேற்பு மேசைக்குப் பின்னால் தொங்கும் அட்டை, அதில் டாக்சி எண்கள்.

அந்த அட்டை அப்பா காலத்தது. முழு அட்டையையும் பார்த்தவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். மேலே 108, அதற்குக் கீழே காவல் நிலையம், பிறகு அருகிலிருக்கும் மருத்துவமனைகள், ரயில் விசாரணை, இரவிலும் திறந்திருக்கும் மருந்துக்கடை. கடைசியில்தான் டாக்சி எண்கள் வருகின்றன. படத்தில் மேற்பகுதியை வெட்டிவிட்டார்கள். மீதியிருந்த எண்களில் சில பல ஆண்டுகளாக இயங்குவதே இல்லை. யாராவது அவற்றை ஒருமுறை அழைத்துப் பார்த்திருந்தால் போதும். கமிஷன் பேசியவன் இயங்காத எண்ணையா மாட்டி வைப்பான்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடுதிக்கு ஆள் கொண்டுவரும் வண்டிக்காரருக்குப் பணம் கொடுப்பதும், விடுதி சொல்லும் வண்டியிடம் பணம் வாங்குவதும் இந்தத் தொழிலில் சில இடங்களில் உண்டு. நம் வாசலில் அந்தப் பேச்சுக்கு அப்பா இடம் கொடுத்ததில்லை, நானும் கொடுத்ததில்லை. விருந்தினர் கேட்டால் தெருமுனையில் நிற்கும் ஆட்டோவைத் தம்பி அழைத்துவருவார். வாடகையை நீங்களே பேசி நீங்களே கொடுத்துவிட்டுப் போவீர்கள். எங்கள் கைக்கு அதில் ஒரு ரூபாய் வந்ததில்லை. பல ஆண்டுகளாக இங்கே தங்குகிறவர்களிடம் யார் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியை எழுதியவர் யார் என்று நான் தேடப் போவதில்லை. அவரும் ஒருநாள் நம் அறையில் தங்கியவராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கும் சேர்த்தே இந்த மடல்.

இனி வழியைச் சொல்கிறேன். இதைப் படித்த பிறகாவது கமிஷன் சந்தேகம் தீரும், ஏனென்றால் மெட்ரோவில் வருகிறவரை வைத்து யாரும் யாருக்கும் கமிஷன் கொடுக்க முடியாது.

விமான நிலைய மெட்ரோ 2016 செப்டம்பரில் திறந்தபோது சின்னமலை வரைதான் ஓடியது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலையின் மீதிப் பகுதியும் இணைந்த பிறகு, விமான நிலையத்தில் ஏறினால் நம் பக்கத்துக்கே நேராக வந்து இறங்கலாம். உள்நாட்டு முனையத்திலும் பன்னாட்டு முனையத்திலும் மெட்ரோ வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தால் மேல்தளப் பாதை உங்களை நிலையத்தில் கொண்டுவிடும். செயலியில் டாக்சி பதிவு செய்தால் அதற்கும் பெட்டியோடு வண்டி நிறுத்தும் கட்டடத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆகவே நடைக்குப் பயந்து மெட்ரோவை விட்டுவிட வேண்டாம்.

டிக்கெட்டைக் கவுன்டரில் வாங்கலாம், வாட்ஸ்அப்பிலும் எடுக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் நம் உறவுகளுக்கு இந்திய எண் இருக்காது என்பதால் கவுன்டரே நல்லது. கையில் கொஞ்சம் இந்தியச் சில்லறைத் தாள் இருக்கட்டும். சென்னை மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் ஒருவருக்குக் கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. 2021 பிப்ரவரியில் 70 ரூபாயிலிருந்து குறைத்தார்கள். அடிக்கடி வருகிறவர்கள் சிங்காரச் சென்னை பயண அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் மாநகரப் பஸ்ஸிலும் உதவும்.

ஏற வேண்டியது நீல வழித்தடத்தில் விம்கோ நகர் பக்கம் போகும் வண்டி. இறங்க வேண்டியது அரசினர் தோட்டம். ஆலந்தூரில் வண்டியில் பாதிப் பேர் இறங்குவார்கள். கோயம்பேடு பக்கம் போகிறவர்கள் அங்கேதான் மாறுவார்கள். அதைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள். சின்னமலை வரை வண்டி மேலே ஓடும், சைதாப்பேட்டையிலிருந்து பூமிக்குள் போய்விடும். நந்தனம், தேனாம்பேட்டை, ஏ.ஜி.-டி.எம்.எஸ்., ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., அதற்கு அடுத்தது அரசினர் தோட்டம். அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். நம் வேன் சிக்கித் தவித்த அதே அண்ணா சாலைக்கு அடியில்தான் இந்த வண்டி தடையில்லாமல் வருகிறது. நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. வண்டியில் பெண்களுக்கென்று தனிப் பகுதியும் இருக்கிறது. முதியவர்களைத் தயங்காமல் அழைத்து வாருங்கள்.

அரசினர் தோட்டத்தில் ஓமந்தூரார் மருத்துவமனைப் பக்கம் வெளியே வாருங்கள். அங்கிருந்து பார்த்தசாரதி கோயில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரரிடம் விடுதியின் பெயரைச் சொல்வதைவிட, வாலாஜா பெரிய பள்ளிவாசலைத் தாண்டி, பார்த்தசாரதி கோயில் போகும் வழி என்று சொல்லுங்கள். சுற்றாமல் கொண்டுவந்து விடுவார். தெருப்பலகையில் காயிதே மில்லத் சாலை என்று இருந்தால் குழம்ப வேண்டாம். நாம் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை என்று சொல்வது அதைத்தான். மெரினாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பவர்கள் வாலாஜா சாலையில் நேரே நடந்தால் சேப்பாக்கம் மைதானத்தைக் கடந்து கடற்கரைக்கே போய்விடலாம். மைதானத்தில் ஆட்டம் நடக்கும் நாளில் மட்டும் அரசினர் தோட்ட நிலையம் நிரம்பி வழியும். அன்றைக்கு ஒரு நிலையம் முன்னதாக எல்.ஐ.சி.யில் இறங்கிவிடுங்கள்.

பெட்டி அதிகம் இருந்தாலோ உடன் நோயாளி இருந்தாலோ, கிண்டி நிலையம் வந்ததும் விடுதி எண்ணுக்கு அழையுங்கள். சைதாப்பேட்டைக்குப் பிறகு சில கைப்பேசிகளில் தொடர்பு சரியாகக் கிடைப்பதில்லை, அதனால்தான் கிண்டி என்கிறேன். நீங்கள் படியேறி வருவதற்குள் நம் பையன் ஒருவன் வெளிவாசலில் நிற்பான். பெட்டியை வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, உங்களோடு வருவான். காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை இந்த ஏற்பாடு உண்டு. அவனுக்குத் தனியாக நீங்கள் எதுவும் தர வேண்டாம்.

செலவு இன்னும் குறைய வேண்டும் என்று நினைக்கிற மாணவர்கள், விமான நிலையத்துக்கு எதிரே ஜி.எஸ்.டி. சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்து திரிசூலம் ரயில் நிலையம் போகலாம். சென்னைக் கடற்கரை நிலையம் செல்லும் புறநகர் ரயிலில் ஏறி பூங்கா நிலையத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து, வேளச்சேரி வண்டியில் சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம் தாண்டி திருவல்லிக்கேணியில் இறங்குங்கள். நான்காவது ரயில் பாதைப் பணிக்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை கடற்கரை நிலையத்துக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே இந்தப் பறக்கும் ரயில் ஓடவில்லை. அந்த நினைப்பில் இன்னும் பலர் இந்த வழியையே மறந்திருக்கிறார்கள். எல்லாமாக 10 ரூபாய் அளவில் முடிந்துவிடும், இறங்கி நடக்கிற தூரம்தான். படிகள் அதிகம் என்பதால் முதியவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். காலை நெரிசல் நேரத்தில் பெரிய பெட்டியோடு இதில் ஏறுவதும் நல்லதில்லை.

மெட்ரோ காலை 5 மணியளவில் தொடங்கி இரவு 11 மணியளவில் முடியும். அதற்குப் பிறகு இறங்குகிறவர்கள் விமான நிலையத்திலேயே ப்ரீபெய்டு டாக்சி எடுத்துக்கொள்ளலாம். எந்த நேரம் வந்தாலும் நம் கதவு திறக்கும், அறை காத்திருக்கும். வேன் வருமென்று நம்பி ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்கள் ஒருமுறை அழைத்துப் பேசிவிடுங்கள்.

கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள், தேர்வு எழுத வந்தவர்கள், வைகுண்ட ஏகாதசிக்கு வருடம் தவறாமல் வருகிறவர்கள், மருத்துவமனைக்கும் விடுதிக்கும் அலைந்து குணமாகி ஊர் திரும்பியவர்கள் என்று உங்கள் ஒவ்வொருவரையும் நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்தச் செய்தி பரவியபோது, அதே குழுக்களில் எங்களுக்காகப் பேசியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதை நானும் என் மனைவியும் உட்கார்ந்து படித்தோம். அப்பா இருந்திருந்தால் அவரிடமும் காட்டியிருப்பேன். அறை வாடகை தை முதல் தேதியிலிருந்து சிறிதளவு மாறுகிறது, விவரம் வரவேற்பில் கிடைக்கும். காலையில் கொடுக்கும் காபியும், குளிக்க வெந்நீரும், விமானம் பிடிக்கும்வரை பெட்டிகளைப் பார்த்துக்கொள்வதும் எப்போதும்போல் வாடகைக்குள்ளேயே அடக்கம்.

வேன் இல்லாததால் உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறேன். திரும்பிப் போகும் நாளில் எத்தனை மணிக்குப் புறப்பட்டால் சரியாக இருக்கும் என்று முதல்நாள் இரவே தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விமான நேரத்தைச் சொன்னால் போதும். அரசினர் தோட்டம் வரை பெட்டி தூக்கப் பையன் கூடவே வருவான்.

அன்புடனும் நன்றியுடனும்,
உரிமையாளர்,
திருவல்லிக்கேணி, சென்னை