வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு: பெட்டியில் வேப் வேண்டாம்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

துபாய், ஷார்ஜா, குவைத், தமாம் என்று வேலைக்குப் போயிருக்கும் குமரி மாவட்டத்துக்காரர்களான உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். லீவுக்கு வரும்போது பெட்டியில் வேப், அதாவது பேட்டரியில் ஓடும் மின் சிகரெட், வைக்காதீர்கள். உங்களுக்காகவும் வேண்டாம், ஊரில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ கூட்டுக்காரனுக்கோ கொடுக்கவும் வேண்டாம்.

நான் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். மாம்பழ வாசம் அடிக்கிற அந்தக் கருவியைப் பிளஸ் ஒன் பையன்களின் பையிலிருந்தே எடுத்திருக்கிறோம். எப்படிக் கிடைத்தது என்றால், மாமா கொண்டு வந்தார் என்கிறார்கள். கூடவே, "இது சிகரெட் இல்லை டீச்சர், வெறும் ஆவிதான். நிக்கோடின்கூட இல்லை" என்கிறார்கள். கொடுத்தவரும் அப்படித்தான் நம்பியிருப்பார்.

சரி, நிக்கோடின் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆவி எப்படி வருகிறது? உள்ளே சின்னதாக ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. பெரும்பாலும் அது நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம், அல்லது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த காந்தல். பேட்டரி அதைச் சூடாக்கும்போது, அதை ஒட்டிய பஞ்சில் ஊறியிருக்கும் திரவம் ஆவியாகிறது. இந்தச் சுருளிலிருந்தும், உலோகத் துண்டுகளைப் பற்றவைத்து ஒட்டிய இடங்களிலிருந்தும், மற்ற உலோகப் பாகங்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக உலோகம் கரைந்து திரவத்தில் சேர்கிறது. பிறகு ஆவியோடு நேராக நுரையீரலுக்குள் போகிறது. வாசனை எதுவானாலும், நிக்கோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடக்கும்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேர் பயன்படுத்திய கருவிகளைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். புட்டியில் இருந்த திரவத்தில் உலோகம் மிகக் குறைவு. அதே திரவம் கருவிக்குள் போய்ச் சூடாகி வந்த ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம் எல்லாம் பல மடங்கு கூடியிருந்தன. தூக்கி எறிகிற வகை வேப்களைக் கலிபோர்னியாவில் சோதித்து 2025-இல் வெளியான ஆய்வு இன்னும் மோசம். அதில் ஒரு கருவி ஒரு நாள் பயன்பாட்டில் விட்ட ஈயம், ஏறக்குறைய 20 பாக்கெட் சிகரெட் விடுவதைவிட அதிகம். எல்லாக் கருவியும் இந்த அளவுக்கு விடுவதில்லை. ஆனால் கையில் இருப்பது எந்த வகை என்று முகர்ந்து பார்த்தா சொல்ல முடியும்?

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வளர்கிற மூளைக்கு அது கேடு. நிக்கல் சேர்மங்களும் குரோமியத்தின் ஒரு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியமும் சுவாசிப்பதால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது ஆலைத் தொழிலாளர்களிடம் கண்டு உறுதியானது. வேப் இழுக்கிற பையனுக்கு நாளைக்கே நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. பதினாறு வயதில் தொடங்கினால் எத்தனை வருடம் உள்ளே போகும் என்பதுதான் என் பயம்.

சட்டமும் இருக்கிறது. 2019 முதல் இந்தியாவுக்குள் வேப் கொண்டு வருவதே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே கடையில் கிடைக்கிறதே என்ற பேச்சு திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எடுபடாது.

ஏற்கெனவே யாருக்காவது கொடுத்திருந்தால் ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். குப்பையோடு போட்டு எரிக்க வேண்டாம், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. அந்தப் பையனுக்கு விடாத இருமலோ மூச்சுமுட்டலோ இருந்தால், ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியிலோ வேறு எங்கோ காட்டும்போது வேப் இழுத்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்த லீவுக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "இது ஒண்ணு கொண்டு வாங்க மாமா" என்று கேட்டால், முடியாது என்று அவனிடமே சொல்லிவிடுங்கள். அப்புறம் அவன் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியை