லேர்னிங் டேப் நம் கடையில் ஏன் இல்லை? பள்ளி திறக்குமுன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மே மாதம் பிறந்துவிட்டால் கடையில் ஒரே கேள்விதான். "பையன் எட்டாவது போறான், படிக்க ஒரு டேப் வேணும். பாடமெல்லாம் உள்ளேயே ஏத்தி வருதாமே, அது இருக்கா?" பக்கத்து ஊர்க் கடைகளில் இருக்கிறது, நம் கடையில் இல்லை. டேப், கற்றல் செயலி, மூன்று வருடச் சந்தா எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டி விற்கிறார்கள். அதை எடுத்து வைக்கச் சொல்லி விற்பனைப் பிரதிநிதிகள் இங்கேயும் வந்து போகிறார்கள். ஒரு பெட்டிக்கு அவர்கள் தருவதாகச் சொல்லும் கமிஷன், ஒரு லேப்டாப் விற்றால் நமக்கு நிற்பதைவிட அதிகம். இருந்தும் வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறோம். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் கவுன்டரில் நின்று விளக்க முடியவில்லை. சீசன் நேரத்தில் பின்னால் ஆள் நிற்கிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

காரணம் எளிமையானது. அந்தப் பெட்டியில் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் பாடத்தில் பெரும்பகுதி, அரசுப் பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளைக்கு ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. பிள்ளையின் புத்தகப் பைக்குள்ளேயே இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் புதிய பாடப்புத்தகங்கள் 2018-19இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வந்தன. மற்ற வகுப்புகளுக்கு அடுத்து வந்தன. அவற்றில் பாடத்துக்குப் பாடம் ஒரு க்யூஆர் கோடு அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காகப் போட்டதில்லை. மத்திய அரசு 2017 செப்டம்பரில் தொடங்கிய தீக்ஷா என்ற செயலியைச் செல்போனில் ஏற்றி, அதற்குள்ளிருந்து அந்தக் கோடை ஸ்கேன் செய்தால், அந்தப் பாடத்துக்கான காணொளியும் பயிற்சிகளும் திறக்கும். பலர் பணம் கட்டும் செயலியைத் திறந்து காட்டிவிட்டு "வேலை செய்யலைங்க" என்கிறார்கள். மளிகைக் கடைக்குப் பணம் அனுப்பும் ஸ்கேனருக்குப் பாடம் தெரியாது, தீக்ஷாவுக்குள்ளிருந்துதான் ஸ்கேன் செய்ய வேண்டும். கேமரா சரியில்லாத பழைய செல் என்றால், கோடுக்குக் கீழே ஆறு எழுத்தும் எண்ணுமாக ஒன்று இருக்கும், அதைத் தட்டினாலும் போதும். வைஃபை இருக்கும் இடத்தில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் நெட் இல்லாமலும் பார்க்கலாம். டேப் விற்பவர் "ஆஃப்லைன் வசதி" என்று பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

2023 ஜூலையில் மாநிலக் கல்வித் துறை மணற்கேணி என்ற செயலியையும் கொண்டுவந்தது. 6 முதல் 12 வரை, தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுக்கும், பாடங்களைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து அனிமேஷன் காணொளிகளாகக் கொடுத்திருக்கிறார்கள். எங்களைக் கேட்டால் அறிவியலுக்கு முதலில் இதைத் திறந்து பார்க்கச் சொல்வோம். தீக்ஷாவில் எல்லாக் காணொளியும் ஒரே தரத்தில் இருக்காது. சிலவற்றை ஆசிரியர்கள் உயிரோடு எடுத்திருக்கிறார்கள், சிலவற்றில் ஸ்லைடை அப்படியே வாசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தேடும் வசதியும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனால் காசு கொடுத்து வாங்கும் செயலிகளிலும் இதே கதைதான், அங்கே முதல் இரண்டு பாடத்துக்குள் அது தெரியாது, அவ்வளவுதான்.

செல்போனே வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது, ஸ்மார்ட்போன் இல்லாத பிள்ளைகளுக்கு அதுதான் வகுப்பறை. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, பலருக்கு ஞாபகமே இல்லை.

இனி பெட்டியின் இன்னொரு பக்கம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டேப்புக்கும் செயலிக்கும் மொத்தமாகப் பணம் கட்ட முடியாதவர்களிடம் "மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டுங்க" என்பார்கள். கேட்கும்போது டியூஷன் ஃபீஸ் மாதிரித்தான் தோன்றும், பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் நிறுத்திவிடலாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவோம். பல நேரம் அது ஃபீஸ் இல்லை, கடன். செயலி நிறுவனத்துக்கு முழுப் பணத்தையும் ஒரு நிதி நிறுவனம் முதலிலேயே கொடுத்துவிடும், நீங்கள் தவணை கட்டுவது அந்த நிதி நிறுவனத்துக்கு. பிள்ளை செயலியைத் திறப்பதையே நிறுத்திவிட்டாலும் கடன் நிற்காது. கட்டாமல் விட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோரில் போய் உட்காரும், பிறகு நகைக்கடன் தவிர வேறு எந்தக் கடனுக்குப் போனாலும் இழுக்கும். ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், ஒரு ஓடிபி ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்கிறார்கள் என்றால், அங்கே நடப்பது கடன் விண்ணப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கள் சொந்தப் பயம் மட்டும் இல்லை. மத்திய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் இணையவழிக் கல்வி நிறுவனங்களிடம் கவனமாக இருக்கும்படி பெற்றோருக்கு எச்சரிக்கை அறிக்கை விட்டது. இலவசம் என்ற பெயரில் கையெழுத்து வாங்கித் தானாகப் பணம் பிடிக்கும் வசதியை ஒப்புக்கொள்ள வைப்பதைப் பற்றி அதில் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். சந்தாவுக்குத் தானாகப் பிடிக்கும் தொகையில் 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க வேண்டியதில்லை என்பது 2022 ஜூன் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும். அந்த எஸ்எம்எஸ்தான் விளம்பரக் குப்பையோடு சேர்ந்து கிடக்கும், நாமும் பார்க்க மாட்டோம்.

ஏற்கெனவே சந்தா போட்டிருப்பவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். பணம் அனுப்பும் யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால், யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று வரிசையாகக் காட்டும், வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம். பிளே ஸ்டோரிலும் சந்தாக்கள் என்று தனியாக ஒரு பகுதி உண்டு. செயலியை செல்லிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம், போகாது. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் கடைக்குக் கொண்டு வாருங்கள், காட்டித் தருகிறோம். பின் நம்பரை மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள், நீங்களே அழுத்துங்கள்.

சரி, டேப் வேண்டாம் என்றால் எதை வாங்குவது?

ஆறாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிற பிள்ளைக்குப் பாடம் பார்க்க மட்டும்தான் என்றால், வீட்டில் இருக்கும் செல்லே போதும். ஸ்மார்ட் டிவி இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். பழைய எல்இடி டிவி என்றாலும் லேப்டாப்பிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் கரும்பலகை அளவுக்குத் தெரியும். கழுத்தைக் குனிந்து ஆறு அங்குலத் திரையைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல், பிள்ளை என்ன பார்க்கிறது என்பதும் வீட்டுக்கே தெரியும். டேட்டா தீர்ந்துபோகிறது என்பவர்கள் யூடியூபில் தரத்தை 480க்கு இறக்கிக்கொள்ளுங்கள். மணிக்கு அரை ஜிபி அளவில்தான் செலவாகும், கணக்கு போட்டுக் காட்டும் பலகை அதிலேயே நன்றாகத் தெரியும். 1080இல் அது பல மடங்கு போகும்.

பதினொன்றாவதுக்கு மேல், அதிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளைக்கு, லேப்டாப் தேவைதான். தட்டச்சு செய்து புரோகிராம் எழுதிப் பழகுவதை டேப்பில் செய்ய முடியாது. ஆனால் அதற்குப் புதிது வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அலுவலகங்களிலிருந்து வரும் செகண்ட்ஸ் லேப்டாப்பில் 8 ஜிபி ரேமும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டியும் இருந்தால் தாராளமாக ஓடும். பழைய மெஷின் இழுக்கிறது என்று கொண்டுவருவதில் பாதிக்கு மேல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே சரியாகிவிடுகிறது. புதிதாக விற்கத்தான் நமக்கு ஆசை, ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செகண்ட்ஸ் எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்கு மேல் விண்டோஸ் 11 போட வேண்டும் என்றால், இன்டெல் பிராசஸரில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். ஏழாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை மெஷின்கள் இப்போது சந்தையில் மலிவாகக் கொட்டிக் கிடப்பதற்கு இதுதான் காரணம். அவற்றில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. ஒரு பெரிய அப்டேட் வரும்போது எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதனால் நாம் அப்படிச் செய்வதில்லை.

அந்த மெஷின்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டுத் தருகிறோம். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு, இரண்டும் இலவசம். பாடம் பார்க்க, கூகுள் மீட்டில் உட்கார, பைத்தான் எழுத, லிப்ரே ஆபீஸில் பிராஜெக்ட் அடிக்க எல்லாம் ஓடும். 2011இல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? படம் சேர்த்து வைக்க இடம் வேண்டும் என்று முதல் வேலையாக அதை அழிக்கச் சொல்லி வரிசையில் நின்றவர்கள், இன்று அதே லேப்டாப்பைத் தங்கை மகளுக்கு லினக்ஸ் போடச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். பேட்டரி போயிருக்கும், கீல் உடைந்திருக்கும், ஆனாலும் உயிர் இருக்கிறது. கல்லூரியில் குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள்தான் வேண்டும் என்று சொன்னால் மட்டும் லினக்ஸ் சரிவராது. ஆட்டோகேட், டேலி போன்றவற்றுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் எடுக்க வருபவர்களுக்கு இன்னொன்று. கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் லேப்டாப் அல்லது டேப் கொடுப்பதாக மாநில அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில், அந்த ஆண்டு மாணவர்களுக்கு வருகிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கடைக்கு வாருங்கள். எடுத்துக்கொண்டுபோய் அடுத்த மாதமே "அரசாங்கத்துல கொடுத்துட்டாங்க, திருப்பி எடுத்துக்குங்க" என்றால் நமக்கும் சங்கடம்.

அப்புறம், கல்லூரிப் பிள்ளைகள் "ஆன்லைன் கோர்ஸ் சேரப் போறேன்" என்று ஐம்பதாயிரம், லட்சம் கேட்டால், முதலில் என்பிடெல் பார்த்தாயா என்று கேளுங்கள். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் அது. எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று பாடங்கள் இருக்கும். படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டும் என்றால்தான் ஆயிரம் ரூபாய் அளவில் தேர்வுக் கட்டணம். அந்தத் தேர்வை வீட்டில் உட்கார்ந்து எழுத முடியாது, தேர்வு மையத்துக்குப் போக வேண்டும். அதனால்தான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு. மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் படிக்கும் பாடங்களை, கல்லூரி ஒப்புக்கொண்டால், ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021இல் விதி போட்டிருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பும் இருக்கிறது. ஜேஇஇ எழுதாதவர்களும் அதில் தகுதித் தேர்வில் தேறிச் சேரலாம். அது இலவசம் இல்லை, லேசானதும் இல்லை, சும்மா சேர்ந்து வைப்போம் என்று நினைப்பவர்களுக்கு நாம் பரிந்துரைப்பதில்லை.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றே ஒன்று. பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாட்டின் கிராமப்புறங்களில் எடுத்த 2024ஆம் ஆண்டு அசர் கணக்கெடுப்பில், 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்றார்கள். ஆனால் முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்களைவிட, சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள்தான் அதிகம். கொரோனா காலத்தில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலே ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட வகுப்பு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொன்னது. பள்ளியே நடக்காத நேரத்துக்கு அது. இப்போது பள்ளி முடிந்து வந்த பிள்ளைக்கு "தினமும் மூணு மணி நேரம் நம்ம ஆப்ல படிக்கலாம்" என்று யாராவது விற்க வந்தால், கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். செல்லில் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைப் போட்டு நேரக் கட்டுப்பாடு வைத்துத் தருவது பத்து நிமிட வேலை, அம்மாவோ அப்பாவோ தங்கள் செல்லோடு வந்தால் போதும்.

நம் கடையில் இந்த சீசனுக்கு என்ன நடைமுறை என்பதையும் சொல்லிவிடுகிறோம். தீக்ஷா, மணற்கேணி ஏற்றிப் பழக்கிக் கொடுப்பதற்கும், ஆட்டோபே சரிபார்ப்பதற்கும் காசு இல்லை. எங்கே வாங்கிய செல்லாக இருந்தாலும் கொண்டு வரலாம். லினக்ஸ் போட சர்வீஸ் சார்ஜ் உண்டு. தமிழ்99 விசைப்பலகையை எல்லா மெஷினிலும் போட்டே தருகிறோம், அதற்குத் தனியாகக் கேட்க வேண்டாம். செகண்ட்ஸ் லேப்டாப்புக்கு பில்லும் கடை வாரண்டியும் எழுத்தில் உண்டு, பேட்டரிக்கு மட்டும் வாரண்டி கிடையாது. ஜூன் முதல் இரண்டு வாரம் சாயங்காலம் கூட்டமாக இருக்கும், முடிந்தவர்கள் காலையில் வாருங்கள். லேப்டாப் கொண்டுவருபவர்கள் உள்ளே இருக்கும் போட்டோவையும் சான்றிதழ் நகல்களையும் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு வாருங்கள், சார்ஜரையும் மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்களும் சர்வீஸ் பையன்களும்