நனைந்த சட்டையோடு இரண்டு மணி நேரம்: ஏலத்தோட்ட உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேரளத்தின் இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை வட்டத்து ஏலக்காய்த் தோட்ட உரிமையாளர்களுக்கும் தோட்டங்களை நடத்தும் மேலாளர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

கடந்த மாசி மாதம் உங்களில் ஒருவருடைய தோட்டத்தில் நடந்தது என்ன என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். எந்தத் தோட்டம் என்று இங்கே நான் எழுதப் போவதில்லை; அது ஒரு தோட்டத்தோடு முடிகிற குறை அல்ல. இலைப்பேன் என்னும் பூச்சிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த ஒருவர் பகல் பதினொரு மணி அளவில் கண் மங்குகிறது என்றார். சற்று நேரத்தில் தள்ளாடினார், வாந்தி எடுத்தார், வாயில் நீர் வடிந்தது, உடம்பு வியர்த்துக் கொட்டியது. குடித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறார் என்று மேற்பார்வையாளர் முடிவு செய்து, தெளியட்டும் என்று அவரை ஒரு மரத்தடியில் உட்கார வைத்தார். காலையிலிருந்து மருந்தில் நனைந்த அதே சட்டையோடு அவர் அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் குடிக்காதவர் என்பதை அந்தத் தொழிலாளர் குடியிருப்பு லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், ஆனால் யாரும் கேட்கவில்லை.

நான் இந்த மலையில் தமிழ்வழி வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறவள். என் தந்தையும் இதே மலையில் மருந்தடித்தவர்தான். நான் சொல்லும் மனிதருடைய மகள் என்னிடம் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நரம்பு மண்டலப் பாடம் நடந்த அன்று, அசிட்டைல்கோலின் என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, “டீச்சர், அப்பாவைப் பார்த்த டாக்டரும் இந்தப் பேரைத்தான் சொன்னாங்க” என்றாள். அவளுக்கு நான் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று அன்றே தோன்றியது. மரத்தடியில் உட்கார்ந்திருந்தவருடைய உடம்புக்குள் அந்த இரண்டு மணி நேரமும் என்ன நடந்தது என்று தெரிந்தால், நான் கேட்கப் போவது சலுகை அல்ல என்பது விளங்கும்.

நரம்பணுவின் சவ்வுக்கு வெளியே சோடியம் அயனிகள் மிகுந்திருக்கும், உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுந்திருக்கும். மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு, நாம் தூங்கும்போதும் ஓயாமல் வேலை செய்து இந்த ஏற்றத்தாழ்வைக் காத்து வருகிறது. பொட்டாசியம் மெல்லக் கசிந்து வெளியேறுவதால், ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கிறது. தூண்டல் வந்து அந்த வேறுபாடு சுமார் 55 மில்லிவோல்ட்டாகக் குறைந்ததும் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் சடாரெனத் திறக்கின்றன; சோடியம் உள்ளே பாய, உட்புறம் ஒரு கணம் நேர்மின்னாகிவிடுகிறது; பின் பொட்டாசியம் வெளியேறி நிலைமையைச் சரி செய்கிறது. எல்லாம் ஓரிரு மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் பக்கத்துச் சவ்வில் அதே நிகழ்வு தொடங்கியிருக்கும். இப்படியே அந்த மின் அலை, வேகமான நரம்புகளில் நொடிக்கு 100 மீட்டருக்கும் மேலாக ஓடுகிறது. கணவாய் மீனின் பருத்த நரம்பிழையை வைத்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற அறிவியலாளர்கள் இதை அளந்து, 1952இல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள்.

ஆனால் அந்த மின்சாரம் தசையைத் தொடுவதில்லை. நரம்பு முனைக்கும் தசைக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கே அகலமுள்ள இடைவெளி இருக்கிறது. அதைத் தாண்டச் செய்தி வேதிப்பொருளாக மாற வேண்டும். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த நீர்மத்தை இன்னொரு இதயத்தில் விட்டபோது அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்ததை 1921இல் ஓட்டோ லோவி என்ற அறிவியலாளர் கண்டார். அந்த வேதிப்பொருள்தான் அசிட்டைல்கோலின். நரம்பு முனை அதை வெளியிட்டதும் தசை சுருங்குகிறது, சுரப்பி சுரக்கிறது. சுருங்கிய தசை தளர வேண்டுமானால் வெளிவந்த அசிட்டைல்கோலின் உடனே அழிய வேண்டும். அந்த இடைவெளியிலேயே காத்திருக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அந்த வேலையைச் செய்கிறது. ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். மருந்தடித்த அந்த மனிதர் ஹோஸைப் பிடித்ததும் விட்டதும், இமைத்ததும், மூச்சு விட்டதும் எல்லாம் அந்த நொதியை நம்பி நடந்தவை.

நீங்கள் வாங்கி அடிக்கச் சொல்லும் குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் ஆகிய கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. இலைப்பேனின் நரம்பில் இருக்கும் நொதியும் மருந்தடிப்பவருடைய நரம்பில் இருக்கும் நொதியும் ஒரே வேலையைச் செய்வதால், பூச்சி எது, மனிதன் எது என்று மருந்துக்குத் தெரிவதில்லை. 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் புதிய பூச்சிக்கொல்லியைத் தேடிக்கொண்டிருந்தபோது கண்டது டாபூன் என்னும் போர் நச்சு. கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை, வீரியத்தில் மட்டுமே குறைந்தவை. நொதி முடங்கியதும் அசிட்டைல்கோலின் அழியாமல் தேங்குகிறது, நரம்பு விட்ட கட்டளை முடிவதே இல்லை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவதால் பார்வை மங்குகிறது. எச்சிலும் கண்ணீரும் வியர்வையும் பெருகுகின்றன, நுரையீரலுக்குள் சளி ஊறுகிறது, தசைகள் தோலுக்கடியில் துடித்துத் துடித்துக் கடைசியில் சோர்ந்துபோகின்றன. மூச்சை இழுக்கும் தசைகளும் அவற்றில் சேர்த்திதான். மேற்பார்வையாளர் குடிவெறி என்று நினைத்தது இதைத்தான்.

நான் ஆறாமல் இருப்பது சட்டையை நினைத்துத்தான். இந்த மருந்தை யாரும் குடிக்க வேண்டியதில்லை; அது தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். நனைந்த பருத்திச் சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தால் ஒவ்வொரு நிமிடமும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், வியர்க்க வியர்க்க இன்னும் எளிதாகப் போகும். அந்த மரத்தடியில் செய்ய வேண்டியிருந்த முதல் வேலை, சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுவது. அதற்கு மருத்துவர் வேண்டாம், ஒரு குடம் தண்ணீரும் ஒரு சோப்பும் மாற்றுச் சட்டை ஒன்றும் போதும். தெரிந்தவர் யாரும் அங்கே இல்லாததால், மருந்தும் அவருமாக அந்த இரண்டு மணி நேரம் கழிந்தது. ஜீப்பில் ஏற்றியபோதும் அதே சட்டைதான். மடியில் தலையைத் தாங்கி வந்த அவருடைய மனைவியின் சேலையும் நனைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து என்பது. கூடப் போன மூவருக்கும் தெரியவில்லை. “தண்ணியில ஊத்துனா பால் மாதிரி ஆகும், நாத்தம் அடிக்கும்” என்று மட்டும் சொல்ல முடிந்தது. அப்படி நூறு மருந்துகள் இருக்கின்றன. ஸ்டோரிலிருந்து அது பெயர் ஒட்டாத கேனில் ஊற்றித்தான் தோட்டத்துக்கு வருகிறது. புட்டியே வந்திருந்தாலும் அதில் தமிழ் இருந்திருக்காது. அந்த மருத்துவர் அனுபவமுள்ளவர், கண்மணியைப் பார்த்தே புரிந்துகொண்டு, தேங்கிய அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் அட்ரோபின் கொடுத்தார். முடங்கிய நொதியை மீட்கும் பிராலிடாக்ஸிம் என்ற மருந்தும் உண்டு. ஆனால் நேரம் கடந்தால் நச்சு அந்த நொதியை நிரந்தரமாகப் பற்றிக்கொள்ளும், பிறகு பிராலிடாக்ஸிமால் பயன் இல்லை. மரத்தடியில் போன இரண்டு மணி நேரத்தின் விலை இதுதான்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அடிக்கும் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதி மருந்தடிப்பவர் கையில் கொடுங்கள், நனைந்த சட்டையைத் தோட்டத்திலேயே மாற்றிக் கழுவிக்கொள்ள வழி செய்யுங்கள், நொதியின் அளவை மாதம் ஒருமுறை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். இவை நான் யோசித்துச் சொன்னவை அல்ல. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், அந்தந்தப் பகுதியில் வழங்கும் மொழியில் சீட்டு இருக்க வேண்டும் என்றும், பாதுகாப்பு உடை கொடுக்க வேண்டும் என்றும், கரிம பாஸ்பரஸ் மருந்துகளோடு வேலை செய்பவர்களுக்கு மாதந்தோறும் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் நொதியின் அளவு பார்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. என் தந்தைக்கு ஒருமுறைகூட யாரும் அந்தப் பரிசோதனை செய்ததில்லை. என் மாணவர்களுடைய பெற்றோரைக் கேட்டேன், ஒருவருக்கும் செய்ததில்லை.

புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலத்துக்குப் போகும் காயை நிறம் பார்த்து, பருமன் பார்த்துத் தரம் பிரிக்கிறீர்கள். கடல் கடந்து போகும் காயில் மருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள், அளவு மீறினால் சரக்கு திரும்பி வந்துவிடும் என்ற கவலை உங்களுக்கு இருக்கிறது. அந்தக் கவலை நியாயமானது. அதே மருந்து, அந்தக் காய்க்கு அடித்தவருடைய ரத்தத்தில் என்ன செய்திருக்கிறது என்று பார்க்க மட்டும் ஆள் இல்லை. விடியும் முன்னே தமிழ்நாட்டின் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மெட்டு ஏறி வரும் ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களைச் சோதனைச் சாவடியில் எத்தனை முறை எண்ணுகிறார்கள்! மாலையில் அதே ஜீப்பில், அதே சட்டையோடு இறங்கிப் போய்ப் பிள்ளைகளைத் தூக்குகிறவர்களை யார் கணக்கில் வைத்திருக்கிறார்கள்? எல்லைக்கு இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கத்து ஆள் என்கிறார்கள், அந்தப் பக்கம் கேட்டால் இந்தப் பக்கத்து வேலை என்கிறார்கள்.

மன்னிக்க வேண்டும், கோபம் சற்று மீறிவிட்டது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்டு முடிக்கிறேன்.

அந்த மனிதர் பிழைத்துவிட்டார். வரும் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லித் தோட்டத்திலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார், வேறு வழி அவருக்கு இல்லை. பழுதான நொதிக்குப் பதிலாக உடம்பு புதியதை உண்டாக்க வாரங்கள் ஆகும், சில வேளை மாதங்கள்கூட ஆகும். அது முழுதாகத் திரும்புவதற்குள் முன்னைவிடக் குறைந்த மருந்தே அவரை வீழ்த்திவிடக்கூடும். தயவுசெய்து திங்கட்கிழமைக்கு முன் அவருடைய ரத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள். அளவு குறைவாக இருந்தால், கூலியைக் குறைக்காமல் மருந்து இல்லாத வேலை ஏதாவது கொடுங்கள். கேனில் இருப்பது என்ன என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். தண்ணீரும் சோப்பும் இன்னொரு சட்டையும் அந்த மரத்தடியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உடும்பன்சோலை வட்டத்தில் பணிபுரியும் உயிரியல் ஆசிரியை